அப்பாவின் அறுபதுக்கு எங்கே சாப்பிடலாம்?

ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர் – 2.

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுவது. உன் ஆத்தாவுக்கு முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை. மற்றபடி காலையில் எழுந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, பேப்பர் படித்து, தெம்பாகத்தான் இருக்கிறார்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்ததும், கோவையில் ஒரு நாள் குடும்பத்தோடு பெரிய ஹோட்டலில் சாப்பாடு என்று நீ சொன்னதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. உன் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்த்தே காலத்தை ஓட்டிய மனுசர். அவரை உட்கார வைத்து நல்லபடியாகச் சாப்பாடு போட வேண்டும் என்று மகளுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் நீ பெயர் சொல்லிக் கேட்ட அந்த ஹோட்டலைப் பற்றிப் போனில் 'நல்லாருக்கு', 'நல்லாயில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். பெயரை இதில் எழுதவில்லை; எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

இங்கே தெருவில் யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதிர்வீட்டு டாக்டரம்மா அந்த இடத்தைக் கோயில் மாதிரி புகழ்கிறார். அவர் மகனும் மருமகளும் கல்யாண நாளுக்குப் போய், கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உன் சித்தப்பா 'இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன்' என்கிறார். என் கூட்டாளி ஒருத்தி, கறி அருமை, ஆனால் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள் என்கிறாள். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. நாங்களும் போய்வந்த பிறகுதான் இத்தனை விதமாக ஏன் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பங்களா ஒன்றை இடிக்காமல் ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிவப்புத் தரை, தேக்கு மரக் கதவு எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நம் ஏரியாவில் இப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாய்த் தரைமட்டமாகி அப்பார்ட்மென்ட் ஆகும்போது, ஒன்றையாவது காப்பாற்றினார்களே என்று இருந்தது. சமையலிலும் அக்கறை தெரிகிறது. வெள்ளாட்டுக் கறியைச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு நிதானமாக வேக வைத்திருந்தார்கள். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது. கொள்ளு ரசத்தில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்தது, ஆத்தா இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அரிசிம்பருப்பு சாதத்தை நெய் மிதக்க வைக்காமல், நம் வீட்டில் வைக்கிற பதத்தில் குழைய வைத்திருந்தார்கள். பெரிய விலை போடுகிற ஹோட்டலில் நம் ஊர்ச் சாப்பாட்டை மரியாதையாக மெனுவில் போட்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரிய ஹோட்டல் என்றால் நூடுல்ஸும் ஃப்ரைட் ரைஸும் பட்டர் சிக்கனும்தான்.

கோளாறு சந்தகையில் தெரிந்தது. நீ பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் சந்தகை பிழிந்து பார்த்திருக்கமாட்டாய், அதனால் சொல்கிறேன். புழுங்கல் அரிசியை ஊற வைத்து நைசாக ஆட்டி, இட்லி மாதிரி ஆவியில் வேக வைத்து, கை பொறுக்காத சூட்டிலேயே அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். சூடு ஆறினால் பிழியவும் வராது, பிழிந்ததைச் சும்மா வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஓரம் காய்ந்து கம்பிகள் விறைத்துக்கொள்ளும். பிழியப் பிழியத் தட்டுக்குப் போனால்தான் அது சந்தகை. நம் வீட்டில் பிழிகிறவர் கடைசியில்தான் சாப்பிடுவார், அது எதனால் என்று இப்போது புரிகிறதல்லவா?

டாக்டரம்மா வீட்டார் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பாதி மேசை காலி, அச்சிலிருந்து நேராக மேசைக்கு வந்திருக்கிறது. நாங்கள் போனது சனிக்கிழமை ராத்திரி. வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் டி.பி. ரோட்டு மல்டிலெவல் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்து வந்தோம். உள்ளே எல்லா மேசையும் நிரம்பியிருந்தது. எங்கள் சந்தகை வாழையிலையைச் சுருட்டி வைத்த கறுப்புத் தட்டில், மேலே ஒரு பூ வைத்து, ஆறிப்போய் வந்தது. குழம்பு கொதிக்கிறது, சந்தகை விறைத்திருக்கிறது. அதே சமையல்காரர்தான், அதே அரிசிதான். தட்டை அலங்காரம் பண்ணுகிற இடத்தில் வரிசையில் காத்துக் கிடந்ததுதான் வித்தியாசம். எத்தனை பேருக்குச் சூடாகக் கொடுக்க முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் டேபிள் கொடுக்க வேண்டும். சனி ஞாயிறு வந்துவிட்டால் அவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் கோவைக்காரர்கள் கறாராக இருப்பதில் தப்பில்லை. 1968-இல் தாமோதரசாமி நாயுடு அன்னபூர்ணாவைத் தொடங்கின காலத்திலிருந்து, கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாம்பார் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நம் நாக்கு பழகிவிட்டது. வடைக்கு மேல் ஊற்றுகிற சாம்பார் இன்றைக்கு ஒரு சுவை, நாளைக்கு ஒரு சுவை என்றால் இந்த ஊரில் கடை நடத்த முடியாது. நாலு மடங்கு விலை வாங்குகிறவர்களிடம் அதையே எதிர்பார்ப்பது நியாயம்தானே.

சாப்பாட்டை விட என் மனசைச் சங்கடப்படுத்தியது வேறொன்று. உன் ஆத்தா அங்கே நடத்தப்பட்ட விதம்.

வாசலில் ஏழெட்டுப் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மாமாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். உள்ளே வெளிச்சம் மங்கல். மெனு கார்டு இல்லை, மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். ஆத்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார், ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் கேட்டார், பாட்டுச் சத்தத்தில் அவர் கேட்டது எனக்கு விழவில்லை, நான் சொன்னது அவருக்கு விழவில்லை. காது மெஷினில் பாட்டுச் சத்தம் இன்னும் கூடி இரைச்சலாகக் கேட்கும் என்பதால் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு இருந்தும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

மேசை மேசையாக வந்து 'எப்படி இருக்கு?' என்று விசாரித்த மேனேஜர், எங்கள் மேசையில் உன் தம்பியிடம் மட்டும் பேசினார். பக்கத்து மேசைப் பிறந்தநாள் கூட்டத்துக்கு அவர்களாகவே இனிப்பு கொண்டுவந்து வைத்துக் கைதட்டினார்கள். கைத்தறிச் சேலையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குக் குழைந்த சாதம் வேண்டுமா, காரம் குறைக்க வேண்டுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் முதலில் வயசானவர் இலையைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் தெரிந்த ஊரில் நடத்துகிற ஹோட்டலுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது.

பரிமாறிய பையனைக் குறை சொல்லமாட்டேன். அஸ்ஸாமிலிருந்து வந்த பிள்ளை, ஆறேழு மேசையை ஒருத்தனாகப் பார்த்தான். ஆத்தா அவனிடம், "கண்ணு, கொஞ்சம் சுடுதண்ணி குடு சாமி" என்றார். அவனுக்குப் புரியவில்லை. பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து நாங்கள் சொல்வதற்குள் மூடியைத் திறந்துவிட்டான். சாதாரணத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவே இல்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பிறகு நான் கையால் காட்டிச் சொன்னதும், சமையல்கட்டுக்கு ஓடி ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து, சூடு பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து ஆத்தாவிடம் கொடுத்தான். அன்றைக்கு அந்த ஹோட்டலில் ஆத்தாவின் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான்.

அந்தப் பாட்டில் விஷயத்தை நான் லேசில் விடமாட்டேன். இந்த ஏரியாவுக்குப் பெயராக இருக்கும் இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்தவர். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருத்தர். அதற்கும் முன்னால் நரசிம்மலு நாயுடு அதைக் கேட்டு எத்தனை வருசம் போராடினார்! வெளியூர் போனால் தண்ணீர் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் நாம். அந்த முதலியார் பெயரில் உள்ள ஏரியாவில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே பாட்டிலைத் திறந்து பில்லில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் விலையைப் பற்றிச் சண்டை போட முடியாது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வதுதான் வழி.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் கொடிசியா கூட்டத்தில் அன்னபூர்ணா சீனிவாசன், பன்னுக்கும் க்ரீம் வைத்த பன்னுக்கும் வரி வேறு வேறாக இருப்பதை நிதியமைச்சரிடம் கேட்ட நாளிலிருந்து, மாமா எந்த ஹோட்டல் பில்லையும் வரி வரியாகப் படிக்காமல் எழுந்திருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பில்லில் இருந்த கோளாறு கண்ணில் பட்டது. சாதாரணமாக ரெஸ்டாரன்ட் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம். தங்கும் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற பெரிய ஹோட்டலுக்குள் இருந்தால் பதினெட்டு. இங்கே ஐந்துதான், அது சரியாகவே இருந்தது. ஆனால் அதற்கு மேலே 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து சதவீதம் சேர்த்து, அந்தத் தொகைக்கும் வரி போட்டிருந்தார்கள். இது அரசாங்க வரி இல்லை, ஹோட்டல் தானாகப் போடுவது. பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி கொண்டுவந்தது. ஹோட்டல்காரர்கள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ஆம் தேதி டெல்லி ஹைகோர்ட் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. மாமா மெதுவாக, குரலை உயர்த்தாமல், அந்த சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டு வேறு பில் கொடுத்தார்கள். கேட்டவுடன் எடுக்கிறார்கள் என்றால், கேட்காதவர்கள் எத்தனை பேர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் சொல். அந்தப் பத்து சதவீதம் பரிமாறுகிற பையனுக்கு முழுசாகப் போகும் என்று நம்பி நிறையப் பேர் கொடுக்கிறார்கள். நாங்கள் அந்தப் பிள்ளை கையிலேயே பணமாகக் கொடுத்துவிட்டு வந்தோம். எங்காவது எடுக்கமாட்டேன் என்றால் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம், நம்பரைக் குறித்து வைத்துக்கொள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான், கண்ணு. அந்த ஹோட்டல் முப்பது வயதுக்காரர்களை மனசில் வைத்துக் கட்டியது. படியேற முடிகிறவர்களுக்கும், மங்கல் வெளிச்சத்தில் போனைப் பார்த்து ஆர்டர் பண்ணத் தெரிந்தவர்களுக்கும், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே பேசிச் சிரிக்க முடிகிறவர்களுக்கும் அது நல்ல இடம். அவர்கள் வந்து புகழ்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வருகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. உன் அப்பாவின் அறுபதுக்கு நாம் இடம் பார்க்கும்போது, மேசையில் வயசில் மூத்தவர் யாரோ அவருக்கு ஒத்துவருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அது உன் ஆத்தா. தன் மகனுக்கு அறுபது ஆனதைப் பார்க்க அவருக்குக் கிடைத்திருக்கும் நாள் இது.

அதனால் அந்த ஹோட்டலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனி, ஞாயிறு ராத்திரி மட்டும் வேண்டவே வேண்டாம். வாரநாளில் பகல் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள். பகலில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக வரும், பாட்டும் அவ்வளவாக இருக்காது, சந்தகையும் சூடாக வரும். புரட்டாசியில் இங்கே பாதி வீடுகளில் கறி எடுக்கமாட்டார்கள், அப்போது போனால் ஆத்தாவும் கறியில் கை நனைக்கமாட்டார். ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாளைப் பார்.

புக் பண்ணும்போது இவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் மெசேஜில் எழுதிக் கேள். பின்பக்க வாசல் படியில்லாமல் இருக்கிறது என்று காரை நிறுத்துகிற பையன் சொன்னான், அதைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டு மெனு கார்டு காகிதத்தில் வேண்டும். ஆத்தா உட்காரும் பக்கம் ஸ்பீக்கர் இருக்கக்கூடாது. சந்தகையை எல்லோருக்கும் ஒரே தட்டில் அடுக்காமல், பிழியப் பிழியக் கொண்டுவர வேண்டும். சாதாரணத் தண்ணீரும் வெந்நீரும் முதலிலேயே மேசைக்கு வர வேண்டும். சர்வீஸ் சார்ஜ் கிடையாது என்பதை அப்போதே பேசிவிடு. இதற்கெல்லாம் சரி என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடு. மழுப்பினால் விட்டுவிடு, வீட்டிலேயே நான் பிழிகிறேன், உன் அம்மா தேங்காய்ப்பால் எடுக்கட்டும்.

அப்பாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். தேதியை இந்த வாரத்துக்குள் முடிவு பண்ணி எனக்குச் சொல். நடந்து போகிற தூரம்தான், பகல் நேரத்தில் ஒரு நாள் நானே போய் அந்தப் பின்வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை