கொடி ஏறாத அந்த ரெண்டு செகண்ட்

ஹாஸ்டல்ல மேட்ச் பார்க்கும்போது ரெண்டு வார்த்தை மட்டும் தவறாம வந்துரும். ஒண்ணு, "மொமென்டம் மாறிடுச்சு மச்சான்." இன்னொண்ணு, "கூட்டம் பாரு மச்சான், இனி ஜெயிச்ச மாதிரிதான்." மெக்கானிக்கல் படிக்கிறவன் ஒருத்தன், "மொமென்டம்னா நிறை இன்டு வேகம், அது எப்படிடா மாறும், வெளி விசை எங்க?"ன்னு மொக்க போடுவான். எல்லாரும் அவன் மேல தலகாணிய எறிவோம். அதோட அந்த விவாதம் முடிஞ்சிரும்.

எனக்கு மட்டும் முடியாது. ஏன்னா கூட்டத்தோட சத்தம் ஒரு மேட்ச்ச மாத்துமாங்கிற கேள்விக்கு என் கையிலேயே ஒரு பதில் இருக்கு. வலது கையில. அன்னைக்கு அதுல சிவப்புத் துணி கட்டின ஒரு குச்சி இருந்துச்சு.

எனக்கு ஊர் கந்தர்வக்கோட்டை பக்கம். தஞ்சாவூர்ல இருந்து புதுக்கோட்டை போற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தவங்களுக்கு முந்திரிக்காடும் செம்மண்ணும் ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் ஆட்டம்னா கபடிதான். கால்பந்து அப்புறம் வந்தது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ முந்திரி மரங்க வேரோட சாஞ்சுது. அப்படி வெறுமையான ஒரு இடத்துலதான் எங்க பசங்க ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு கோல் போஸ்ட் ஆக்குனாங்க. மரம் போன இடத்துல விளையாடுறோமேன்னு முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொங்கல். செவன்ஸ் போட்டி, அரையிறுதி. எங்க ஊரும் பக்கத்து ஊரும். டிரம் செட், குழாய் ஸ்பீக்கர், மைக்குல விடாம பேசுற ஒரு அண்ணன். அவர் நடுநிலையான வர்ணனையாளர்தான், ஆனா எங்க ஊர்க்காரர். லைன்ல கொடி பிடிக்க வர்றேன்னு சொன்ன ஆள் வரல. எனக்குக் கணுக்கால் சுளுக்கு, நான் விளையாடல. "தம்பி, நீ சும்மாதான நிக்கிற, பிடி"ன்னு குச்சியக் கையில குடுத்துட்டாங்க.

1-1. கடைசி நிமிஷங்கள். எங்க பையன் ஒருத்தன் வலது ஓரமா பந்தத் தள்ளிட்டு ஓடி வர்றான். நேரா எனக்கு முன்னாடி. என் முதுகுக்குப் பின்னாடி அஞ்சடி தள்ளி மொத்த ஊரும் நிக்குது. "போ, போ, போ"ன்னு ஒரே குரல். பந்து சுண்ணாம்புக் கோட்டத் தாண்டுச்சு. முழுசா. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல செம்மண் தெரிஞ்சுது, அத நான் பார்த்தேன். அவன் காலால உள்ள இழுத்து நடுவுல அடிச்சான், இன்னொருத்தன் தலையக் குடுத்தான், கோல். என் கொடி இடுப்புக்கு மேல ஏறவே இல்ல.

எதிரணி கோல் கீப்பர் ப்ளஸ் டூவுல என் பெஞ்ச்மேட். அவன் ரெஃப்ரிகிட்டப் போகல. நேரா என்கிட்ட வந்தான்.

"மாப்ள, வெளிய போச்சாடா?"

"தெரியலடா, கூட்டத்துல பார்க்கல."

அவ்வளவுதான். அவன் போயிட்டான். நாங்க ஃபைனல் போனோம் (அதுல 4-0 தோத்தோம், அது வேற கதை). அதுக்கப்புறம் அவன் அனுப்புற பொங்கல் வாழ்த்துல கூட "மாப்ள" போயி "ப்ரோ" ஆயிருச்சு.

சரி, நான் வேணும்னே செஞ்சேனா? இதுதான் எனக்குப் புரியாத இடம். "நம்ம ஊர் ஜெயிக்கணும், கொடியத் தூக்கக் கூடாது"ன்னு நான் முடிவு எடுக்கல. தூக்கணும்னு நினைச்சேன். கை போகல. ரெண்டு செகண்ட் போச்சு, அப்புறம் கோல் ஆயிருச்சு, அதுக்கப்புறம் தூக்க தைரியம் இல்ல. சத்தம் கையப் பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னா சினிமா டயலாக் மாதிரி இருக்கு. அதனால இது எனக்கு மட்டும்தானா, இல்ல எல்லாருக்குமான்னு தேட ஆரம்பிச்சேன்.

எல்லாருக்கும்தானாம். நெவில், பால்மர், வில்லியம்ஸ்னு மூணு பேர் 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகளக் கூப்பிட்டு லிவர்பூல் - லெஸ்டர் மேட்ச்சோட வீடியோவப் போட்டுக் காட்டுனாங்க. மொத்தம் 47 மோதல்கள், ஒவ்வொண்ணும் ஃபவுலா இல்லையான்னு சொல்லணும். பாதிப் பேருக்கு மைதானச் சத்தத்தோட, பாதிப் பேருக்கு மியூட்ல. காட்சி ஒண்ணுதான். ஆனா சத்தத்தோட பார்த்தவங்க, சொந்த மண்ணுல ஆடுற லிவர்பூல் மேல 15.5 சதவீதம் குறைவா ஃபவுல் குடுத்தாங்க. இத்தனைக்கும் அவங்க டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. தப்பாச் சொன்னா அடிக்க வர்றதுக்கு அங்க யாருமே இல்ல.

ஸ்பெயின் லீக்க வெச்சு 2005ல வந்த ஒரு கட்டுரை இன்னும் ருசியானது. மேட்ச் முடிவுல ரெஃப்ரி கூடுதல் நேரம் குடுப்பார்ல, அத மட்டும் அளந்தாங்க. சொந்த அணி ஒரு கோல்ல பின்தங்கியிருந்தா கூடுதல் நேரம் நீளுது. ஒரு கோல்ல முன்னாடி இருந்தா சுருங்குது. நிச்சயமா எந்த ரெஃப்ரியும் திட்டம் போட்டுச் செஞ்சிருக்க மாட்டார். அவருக்கும் என்ன மாதிரி கை போயிருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் கொரோனா வந்து, யாரும் காசு குடுத்துப் பண்ண முடியாத சோதனைய உலகம் முழுக்கப் பண்ணிக் குடுத்துச்சு. 2020 மே 16 அன்னைக்கு ஜெர்மனியோட புண்டஸ்லீகா காலி ஸ்டேடியத்துல திரும்ப ஆரம்பிச்சுது. சொந்த மண்ணுல ஜெயிக்கிறது குறைஞ்சுது. வெளியூர் அணிக்குக் கிடைக்கிற மஞ்ச கார்டும் குறைஞ்சுது. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியமாப் படுது. கூட்டம் வீரன் காலுக்கு எவ்வளவு பலம் குடுக்குதுன்னு எனக்குத் தெரியாது. விசில் ஊதுறவர் காதுக்குள்ள போகுதுங்கிறது மட்டும் நிச்சயம்.

ஆனா வீரர்கள் பக்கம் போனா கதை நேர்க்கோட்டுல போக மாட்டேங்குது. நம்ம சென்னையின் எஃப்சியவே எடுத்துக்குங்க. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல மூழ்குச்சு. அதனால அரையிறுதியோட சென்னை மேட்ச்ச புனேவுக்கு மாத்துனாங்க. சொந்த ஊர் இல்ல, சொந்தக் கூட்டம் இல்ல. அங்க கொல்கத்தாவ 3-0 அடிச்சாங்க. ஃபைனல் டிசம்பர் 20, எதிரணி எஃப்சி கோவா. மைதானம் எதுன்னா கோவாவோட சொந்த ஃபடோர்டா. 87வது நிமிஷம் ஜோஃப்ரே அடிச்ச கோல்ல கோவா 2-1. அந்தச் சத்தத்த நான் டிவியில கேட்டேன். அஞ்சாவது படிக்கிற பையன், சித்தப்பா வீட்டுத் தரையில உக்காந்து அழ ரெடியா இருந்தேன். மொமென்டம், கூட்டம், ஸ்கோர், கடிகாரம் எல்லாமே கோவா பக்கம். 90வது நிமிஷத்துல கோவா கீப்பர் கட்டிமணி கையில பட்டு பந்து அவங்க வலையிலேயே போச்சு. கூடுதல் நேரத்துல மென்டோசா ஒண்ணு. 3-2, கோப்பை சென்னைக்கு.

2018 மார்ச் 17, திரும்ப ஃபைனல். இந்தத் தடவ பெங்களூரு, கண்டீரவா மைதானம், லீக்ல முதலிடம் பிடிச்ச பெங்களூரு எஃப்சி. 9வது நிமிஷமே சுனில் சேத்ரி கோல். ஸ்டேடியமே ஆடுச்சு. அப்புறம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு, மறுபடி 3-2, மறுபடி அடுத்தவன் வீட்டுல கோப்பை.

மூணாவது ஃபைனல் 2020 மார்ச் 14. கோவாவுலதான், ஆனா கொரோனா பயத்துல கூட்டமே இல்ல. பொது மைதானம், திட்டுறதுக்கு ஒருத்தர் கூட இல்ல. அதுல ஏடிகே 3-1னு ஜெயிச்சிருச்சு. எதிரிக் கூட்டம் கத்துனப்போ ரெண்டு தடவ ஜெயிச்சவங்க, அமைதியில தோத்தாங்க!

மூணு மேட்ச்ச வெச்சு தியரி கட்டக் கூடாதுன்னு ப்ராபபிலிட்டி சார் சொல்லுவார். கட்டல. ஆனா "கூட்டம் இருந்தா ஜெயிச்ச மாதிரிதான்"னு சொல்றவன்கிட்ட இந்த மூணையும் சொல்லிட்டு அவன் மூஞ்சியப் பாருங்க.

மொமென்டத்துக்கு வருவோம். இதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. 1985ல கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூணு பேரும் கூடைப்பந்து ஷாட்டுகள எண்ணிப் பார்த்துட்டு, தொடர்ந்து உள்ள போட்டவனுக்கு அடுத்ததும் உள்ள போகும்னு நினைக்கிறது மனசோட மாயைன்னு சொன்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அதுதான் பாடம். 2018ல மில்லர், சன்ஹூர்ஹோன்னு ரெண்டு பேர், நீங்க எண்ணுன முறையிலேயே ஓட்டை இருக்குன்னாங்க. நான் நம்பல, நோட்டுல போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்க, அஞ்சு நிமிஷம்தான்.

காசு மூணு தடவ சுண்டுனா எட்டு வரிசை வரும். ஒவ்வொரு வரிசையிலயும், தலைக்கு அடுத்து வர்ற சுண்டல்ல எத்தனை பங்கு தலைன்னு பாருங்க. தலை-தலை-தலைக்கு 1. தலை-தலை-பூவுக்கு பாதி. பூ-தலை-தலைக்கு 1. தலை-பூ-தலை, தலை-பூ-பூ, பூ-தலை-பூ மூணுக்கும் 0. மிச்ச ரெண்டுல தலைக்கு அடுத்த சுண்டலே இல்ல, விட்டுருங்க. ஆறோட சராசரி 5/12. நேர்மையான காசு, ஆனா 50 சதவீதம் வரல, 42 கிட்டதான் வருது. அப்போ ஒரு வீரன் அப்படிப்பட்ட கணக்குல சரியா 50 எடுத்தா, அவன் காசு மாதிரி இல்ல, அவன்கிட்ட ஏதோ சூடு இருக்குன்னுதான அர்த்தம்? ரவுண்ட்-ரவுண்டா அந்த 5/12அ சுத்திச் சுத்தி எழுதி வெச்சிருந்தேன். ரூம்மேட் செமஸ்டருக்குத்தான் படிக்கிறேன்னு நினைச்சிட்டான்.

ஆக, மொமென்டம் சுத்தப் பொய் இல்ல. ஆனா ஹாஸ்டல்ல நாம சொல்ற அளவுக்குப் பெருசும் இல்ல. எனக்கு என்ன தோணுதுன்னா, எந்த ஆட்டங்கிறதும் முக்கியம். எங்க கபடியில மொமென்டம் விதியிலேயே இருக்கு. ஒருத்தன் அவுட் ஆனா வெளிய போறான், ஆள் குறையுது, அடுத்த ரெய்டு இன்னும் சிரமம், கடைசியில ஆல் அவுட், அதுக்குத் தனியா ரெண்டு புள்ளி வேற. சறுக்க ஆரம்பிச்சா சறுக்கிக்கிட்டே போகும். (அதத் தடுக்கத்தான் மூணு பேரோ அதுக்குக் கீழயோ இருக்கும்போது பிடிச்சா சூப்பர் டாக்கிள்னு கூடுதல் புள்ளி.) கால்பந்துல அப்படி இல்ல. கோல் போட்டவன் பந்த எதிரிக்கே குடுக்கணும், நடுவுல இருந்து அவன் ஆரம்பிப்பான். ஆளும் குறையல. ஸ்கோர் மட்டும்தான் மாறியிருக்கு. மிச்சமெல்லாம் மனசுலயும் காதுலயும்தான் நடக்குது.

இதெல்லாம் படிச்சு முடிச்சப்போ எனக்கு ஒரு வசதி கிடைச்சுது. தகுதி பெற்ற ரெஃப்ரிகளுக்கே அப்படின்னா, குச்சியில துணி கட்டிக்கிட்டு நின்ன நான் எம்மாத்திரம்? கை போகாதது என் தப்பே இல்ல, காதோட தப்பு. ரெண்டு நாள் நிம்மதியா இருந்தேன். மூணாவது நாள்தான் உறைச்சுது. கொடி ஏறாததுக்குச் சத்தம் காரணமா இருக்கலாம். ஆனா அவன் வந்து கேட்டப்போ டிரம் செட் நின்னுருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு கை தூரத்துல நின்னோம். "தெரியலடா"ன்னு நான் சொன்னது எந்தக் கூட்டமும் இல்லாத இடத்துல. அதுக்கு ஆய்வுக் கட்டுரை எதுவும் கிடைக்கல.

போன வாரம் ஃபோன் போட்டேன். செமஸ்டர், அரியர், அம்மா உடம்புன்னு சுத்தி வளைச்சுட்டு, "மாப்ள, அன்னைக்கு பந்து வெளிய போச்சுடா. நான் பார்த்தேன்"னு சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிருச்சோன்னு காதுல இருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எவ்வளவு வெளிய?"ன்னு கேட்டான்.

"ஒரு சாண் இருக்கும்."

"சாணா! நான் ரெண்டு விரல்னுல்லடா நினைச்சேன் இவ்வளவு நாளா." ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அத இங்க எழுதுனா எடிட்டர் வெட்டிருவார். அப்புறம், "இந்தப் பொங்கலுக்கு எங்க ஊர்ல மேட்ச். லைனுக்கு ஆள் இல்ல. நீ வந்து கொடி பிடி"ன்னான்.

"உங்க ஊர்க்காரனுங்க கத்துவானுங்களேடா."

"கத்துவானுங்க. எங்க டிரம் செட்டு உங்க டிரம் செட்ட விடப் பெருசு."

வர்றேன்னு சொல்லியிருக்கேன். காதுக்குப் பஞ்சு எடுத்துட்டுப் போறதா வேணாமாங்கிறதுல ரூம்மேட்டுக்கும் எனக்கும் இன்னும் சண்டை நடக்குது.