வராமல் போனவரைத் தேடிப் போ

தீசிஸ் வெறும் தண்டச்சுமை, வார்டில் நோயாளியைப் பார்க்கவே நேரம் போதவில்லை, இதில் ஆராய்ச்சி ஒரு கேடா என்று போனில் அலுத்துக்கொண்டாய். எம்.டி. முதல் வருஷம், நைட் ட்யூட்டி, தூக்கமில்லை. அலுப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் கண்ணு, அம்மாச்சி சொல்வதைக் கொஞ்சம் கேள். நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. காசநோய் ஆராய்ச்சிகளில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்து, மாடிப்படி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்து ரிட்டயர் ஆனவள். டி.பி. என்று தெரிந்ததும் நோயாளிக்கு மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறாயே, அந்தத் துணிச்சல் டாக்டர்களுக்கு எப்படி வந்தது என்று உன் பாடப் புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

குரோம்பேட்டையைத் தாண்டினால் சானடோரியம் ஸ்டேஷன். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் காலத்தில் டி.பி.க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, ஊரைவிட்டுத் தள்ளி ஒரு கட்டில். சென்னையில் மட்டுமில்லை, உலகம் முழுக்க அதுதான் நம்பிக்கை. நம்பியவர்கள் முட்டாள்களும் இல்லை, கல்நெஞ்சக்காரர்களும் இல்லை. நோயாளிமீது உயிரையே வைத்திருந்த டாக்டர்கள்தான் அதைச் சொன்னார்கள்.

1950-களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியாசிட் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ சொற்பம். மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று ஒரு தரப்பு கேட்டது. ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் முடங்கும் வீட்டுக்கு, அரைவயிற்றுக் கஞ்சிக்கு அனுப்பினால் குணமாவது எங்கே, பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளாதா என்று இன்னொரு தரப்பு கேட்டது. இரண்டு தரப்பும் ஏழைக்காகத்தான் பேசியது. பேசிப் பேசித் தீர்கிற வழக்கா அது? எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. முதல் இயக்குநர் லண்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று ஐ.சி.எம்.ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று நீ சொல்கிறாயே, அதே இடம்தான். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை, யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்று டாக்டர் தீர்மானிக்காமல் குலுக்கல் முறையிலேயே பிரித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம்.

வருஷ முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் வீட்டுப் பக்கம் 86 சதவீதம், சானடோரியம் பக்கம் 92 சதவீதம். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் அறிக்கை வந்தது. அந்த ஆறு சதவீதத்தை வைத்துக்கொண்டு சானடோரியம்தான் உசத்தி என்று சொல்லிவிட முடியாது, அத்தனை சின்ன எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வரும். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடுதலாகப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடும் இல்லை, அந்த ஓய்வும் இல்லை. இருந்தும் நோய் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அடங்கியது. நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் விடாமல் பார்த்து வந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் பிள்ளைகுட்டிகளுக்கு நோய் கூடவில்லை. ஒட்டவேண்டியது நோய் கண்டுபிடிக்கும் முன்பே ஒட்டியிருந்தது. மருந்து தொடங்கியபின் பரவுவது சட்டென்று குறைந்துவிட்டது.

அப்புறம் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பித்தான் நின்றது. மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதிலும் இந்தச் சென்னைக் கணக்குக்குப் பங்கு உண்டு. நம் ஊர் ஜனங்கள் கொடுத்த சளியையும் சிறுநீரையும் வைத்து உலகம் பாடம் படித்தது என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. அது போகட்டும்.

இந்தக் குலுக்கலை நீ உன் தீசிஸில் 'ரேண்டமைசேஷன்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவாய். அது என்ன சாமானியமா? பிரிட்டனில் 1947-இல் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது மருந்து எல்லோருக்கும் போதவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல்காரர், யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மூடி ஒட்டிய உறைக்குள் வைத்துவிட்டார். முதல் உலகப் போரில் விமானியாகப் போனபோது அவருக்கே டி.பி. வந்தது. டாக்டர் ஆகும் ஆசை அதோடு போயிற்று. படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாதா? தெரிந்துதான் உறையை ஒட்டினார். டாக்டர் கையில் விட்டால், பிழைப்பான் என்று தோன்றுகிறவனை மருந்துப் பக்கம் தள்ளத் தோன்றும். இல்லையென்றால் 'ஐயோ பாவம்' என்று ரொம்ப முடியாதவனைத் தள்ளத் தோன்றும். எப்படித் தள்ளினாலும், கடைசியில் குணமாக்கியது மருந்தா, டாக்டரின் மனசா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அங்கேயே நிறுத்திக் கைதட்டியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ஒற்றை மருந்தைக் கிருமி பழகிக்கொண்டுவிட்டது. டி.பி.க்கு ஒரு மருந்து மட்டும் கொடுக்கவே கூடாது என்று இன்று உனக்குச் சொல்லித் தருகிறார்களே, அதன் வேரில் இந்தச் சாவுகளும் இருக்கின்றன. அந்த ஐந்து வருஷக் கணக்கை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பின்னால் சேத்துப்பட்டுக்கு வந்த அதே வாலஸ் ஃபாக்ஸ். மருந்து கொடுத்த கையோடு வெற்றி என்று சொல்லாத பழக்கத்தோடுதான் அந்த மனுஷர் இங்கே வந்து இறங்கினார்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். 'மாத்திரையைக் கொண்டாங்க, பார்ப்போம்' என்று வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து எண்ண வேண்டும். இத்தனை நாளைக்கு இத்தனை மிச்சம் இருக்க வேண்டும். கூட இருந்தால் சாப்பிடவில்லை. சரியாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது, விசிட்டர் தெருமுனைக்கு வரும்போதே செய்தி போய்விடும், எண்ணி வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் சிறுநீர்ப் பாட்டில். ரிஃபாம்பிசின் காலம் வந்தபின் அது சுலபம்: மாத்திரை போட்டிருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாக வரும், மறைக்க முடியாது. அதற்கு முந்தின பி.ஏ.எஸ்.தான் படுத்தி எடுத்த மருந்து. கை நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும்.

கோதுமை டப்பாவுக்குள், தலையணை உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்கெங்கோ மாத்திரை ஒளிந்திருக்கும். ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டிக் கேட்டால் எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தால் தானாக வரும். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், மாத்திரை சம்பந்திகள் கண்ணில் படக் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லுவார். மில்லில் ராத்திரி ஷிப்ட், வெறும் வயிற்றில் போட்டால் எரிகிறது. எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது, 'இருமல் நின்னுபோச்சும்மா, உடம்பு தேறிடுச்சு, இனி எதுக்கு?' சோம்பேறித்தனத்தால் நிறுத்தியவர் ரொம்பக் குறைவு.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான், வாரத்துக்கு இரண்டு நாள் நர்சின் கண்முன்னாலேயே மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்று சென்னையில் சோதித்தார்கள். அந்த முடிவு 1964-இல் வெளிவந்தது. முப்பது வருஷம் கழித்து 'டாட்ஸ்' என்று உலகமெல்லாம் போனதற்கு இதுவும் ஒரு மூலம்.

மருந்தை நடுவில் விட்டுப் போகிறவர்கள் விஷயத்தில்தான் உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல ஆசை. உன் தீசிஸில் 100 பேரைச் சேர்க்கிறாய் என்று வை. 20 பேர் நடுவில் காணவில்லை. மிச்சம் 80 பேரில் 72 பேருக்குக் குணம். 90 சதவீதம் என்று ஸ்லைடு போடத் தோன்றும். பரீட்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுகிற மாதிரிதான் அது. நீ சேர்த்தது 100 பேரை, கண்ணால் கண்ட குணம் 72. அந்த 20 பேர் எங்கே? நன்றாகி ஊருக்குப் போனார்களா, வாந்தி தாங்காமல் நிறுத்தினார்களா, செத்தே போனார்களா? உன் மருந்தின் குறையைச் சொல்லக்கூடியவர்களே அந்த இருபது பேர்தான். வந்து உட்கார்ந்திருக்கிற எண்பது பேர் உன்னைப் புகழத்தான் செய்வார்கள்.

தேடிப் போக அலுத்துக்கொண்டு மேஜையிலேயே எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு. ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், நோயாளிகளின் எடைக் கணக்கு வந்தது. எங்கள் புள்ளியியல்காரர் தாளைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் கடைசி இலக்கங்களை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டார். முக்கால்வாசி பூஜ்யமும் ஐந்தும். தராசு அப்படிக் காட்டாது, மனுஷ மூளைதான் காட்டும். அத்தனை தாளையும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அதில் நிஜமாக எடை பார்த்த நோயாளிகளும் இருந்திருப்பார்கள், அவர்கள் பட்ட சிரமமும் வீண்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பக்கம் பக்கமாக அச்சடித்துக் கையெழுத்து வாங்குகிறீர்கள். வேண்டியதுதான், முன்பெல்லாம் இந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தமிழைப் படித்துப் பார்த்தாயா? வக்கீலுக்கே வியர்க்கும். படித்துக் காட்டிவிட்டு, 'நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்கம்மா' என்று கேள். எந்தப் பக்கம் விழும் என்று டாக்டருக்கே தெரியாது, வேண்டாமென்றாலும் வைத்தியம் நிற்காது, இந்த இரண்டையும் அவர்கள் வாயால் சொன்னபின் பேனாவைக் கொடு.

சாப்பாட்டு விஷயம் அந்தச் சேத்துப்பட்டு அறிக்கையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. மருந்து ஒழுங்காகப் போனால் சத்துணவு இல்லாமலும் நோய் அடங்கும் என்று மட்டும்தான் 1959-இல் தெரிந்தது. பசி தேவலை என்று யாரும் சொல்லவில்லை. சிலர் அப்படி வாசித்துக்கொண்டார்கள். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: நோயாளி வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் இருக்குமா? நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் உணவுப் பொருள் உண்டு. ஒரு பக்கத்துக் குடும்பத்தினருக்கு மட்டும், பெரியவர்கள் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடச் சத்து மாத்திரை. 10,000 பேருக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், சாப்பாடு கிடைத்த பக்கம் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் லான்செட்டில் வந்தது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீடுகளில் அடுப்பு எரியாததைப் பார்க்காமலா இருந்தோம்? பார்த்தோம். ஆனால் பார்த்ததை வைத்துச் சர்க்காரிடம் அரிசி கேட்க முடியாது. எண்ணி வைத்தால் கேட்கலாம்.

நம் மாநிலத்திலும் 2022-இலிருந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. உடல் மெலிவு, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது, இவ்வளவுதான் பார்ப்பது. ஆபத்தான நிலையில் இருப்பவரை அன்றைக்கே கண்டுபிடித்து வார்டில் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று காட்டிய ஊர், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறது. உன் சீஃபிடம் கேட்டு அந்தப் படிவத்தை ஒரு நாள் நீயே நிரப்பிப் பார்.

அடுத்த ஞாயிறு லீவு என்றாய். உன் ரிஜிஸ்டரில் வராதவர்கள் பட்டியலை எடுத்துக்கொள். போன் அடித்து 'ஸ்விட்ச் ஆஃப்' என்று குறித்துவைப்பது தேடியதாகாது. பஸ் ஏறிப் போ. வெள்ளைக் கோட்டு வேண்டாம், ஆஸ்பத்திரி பெயர் போட்ட பையும் வேண்டாம். அட்டையில் இருக்கிற முகவரியில் ஆள் இல்லையென்றால் டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ கேள், ஆனால் எதற்குத் தேடுகிறாய் என்று அங்கே சொல்லிவிடாதே. வாசலில் நின்று நோயின் பெயரை உச்சரிக்காதே. உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் பொறு. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி.