டால்ஃபினைச் சுரண்டும் தெரு

பெங்களூருக்குப் போகிறவர்கள் விதான சௌதா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். லால்பாக்கில் கண்ணாடி மாளிகை பார்ப்பார்கள். மைசூர்பாகு வாங்குவார்கள். ஜே.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் தனி ரகம். ஒன்று, கார் கெட்டுப்போனவர்கள். இல்லை, காரைக் கெடுத்துக்கொள்ளப் போகிறவர்கள்.

மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பெயரில் இருக்கிற ரோடு இது. மகாராஜா பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் திருதிருவென்று முழிப்பார். 'ஜே.சி. ரோடு' என்றால் மீட்டருக்கு மேல் இருபது கேட்பார். பேசாமல் மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மெட்ரோ பிடித்து கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கிப் பொடிநடையாகப் போவது உத்தமம். டவுன் ஹாலில் ஆரம்பித்து மினர்வா சர்க்கிள் வரை, தாகூர் நினைவாகக் கட்டிய ரவீந்திர கலாக்ஷேத்திரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், மற்றதெல்லாம் கார்தான். சீட் கவர், ஹாரன், பம்பர், சைலன்ஸர், டாஷ்போர்டில் தலையாட்டும் நாய்க்குட்டி! ஒரு காரைப் பார்ட் பார்ட்டாக வாங்கி மினர்வா சர்க்கிளில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும்.

மெயின் ரோட்டில் பளபளப்பு. பின்னால் சந்துகளில்தான் வைத்தியம். டிங்கரிங், வெல்டிங், பெயின்ட்டிங். நானும் என் நண்பனும் போனது அப்படி ஒரு சந்துக்கு. நோயாளி, நண்பனின் அப்பாவுடைய டால்ஃபின்.

இருபது முப்பது வயசுக்காரர்கள் 'டால்ஃபினா, அது மீனாச்சே' என்பீர்கள். மீனும் இல்லை, அது வேறு விஷயம். பெங்களூரில் ஸிபானி கம்பெனி 1982-ல் கொண்டுவந்த குட்டிக் கார் அது. இங்கிலாந்தில் ரிலையன்ட் கம்பெனி 'கிட்டன்' என்று ஒரு கார் செய்துகொண்டிருந்தது. அந்தப் பூனைக்குட்டிதான் இங்கே வந்து டால்ஃபின் ஆனது. 848 ஸி.ஸி. இன்ஜின், இரண்டே கதவு. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். அடுத்த வருஷம், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்தது. நான்கு கதவு, ஜப்பான் இன்ஜின். டால்ஃபின் தண்ணீர் குடித்தது. ஆனால் லேசான உடம்பு என்பதால் ராலி, ரேஸ் பைத்தியங்களுக்கு மட்டும் அதன் மேல் தனிப் பிரியம். சோழவரத்தில் ரேஸ் பார்த்த ஆசாமி யாராவது உங்கள் ஆபீஸில் ரிடையராகாமல் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கண் கலங்குவார்.

நண்பனின் அப்பா 1984-ல் வாங்கியது. அவருக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. வண்டி இன்னமும் ஓடுகிறது. பிரச்னை, தோலில்.

நான்கு மாதத்துக்கு முன் சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு வெள்ளை அடித்திருக்கிறார்கள். பேர் வேண்டாம். முதல் மாதம் பளிங்கு மாதிரி இருந்ததாம். இரண்டாம் மாதம் பானெட்டில் நான்கு கொப்புளம். மூன்றாம் மாதம் கூரை முழுக்க அம்மை போட்ட மாதிரி. நண்பன் சண்டைக்குப் போக, 'வண்டி பழசு ஸார்' என்று கைவிரித்துவிட்டார்கள்.

சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாய். வயது அறுபது இருக்கும். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம். தமிழ், உருது, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு வறுத்தெடுப்பார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பெருவிரல் நகத்தால் கூரையை அழுத்தினார். நகம் பதிந்தது.

"இன்னா ஸார், ரிமூவர் போட்டுக்கீறாங்களா?"

"தெரியலை பாய்."

"எனக்குத் தெரியுது. தகர வண்டின்னு நெனச்சி ரிமூவர் ஊத்திட்டான். தகரத்துல பெயின்ட் மட்டும் உரியும். இதுல வண்டியே உரியும்."

விஷயம் என்னவென்றால், ஃபைபர் கிளாஸ் கார் பிறப்பதே தலைகீழ். முதலில் அச்சு. அச்சின் உள்பக்கம் ஜெல்கோட் என்று ஒரு பூச்சு, சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு. அது கொஞ்சம் இறுகியதும் அதன் மேல் கண்ணாடி நார்ப் பாய், பாலியெஸ்டர் ரெஸின், மறுபடி நார், மறுபடி ரெஸின். காய்ந்ததும் அச்சிலிருந்து உருவினால், முதலில் பூசிய ஜெல்கோட் வெளிப்பக்கம் வந்துவிடும். வீட்டுக்கு முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம் செங்கல் வைப்பது மாதிரி! 1953-ல் அமெரிக்காவில் கார்வெட் என்ற கார் முந்நூறு வண்டி இப்படி ஃபைபர் உடம்போடு வந்தது. எல்லாமே வெள்ளை. அதிலிருந்து உலகம் முழுக்க இதே கதைதான்.

அந்த அரை மில்லிமீட்டர் தோல்தான் காருக்குக் கவசம். பெயின்ட் ரிமூவருக்கு பெயின்ட் எது, ரெஸின் எது என்று வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அதற்கு ஒரே குடும்பம். ஜெல்கோட்டை ஊறவைத்து, நுண்துளைகளில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே போக வழியில்லை. வெயில் பட்டதும் கொப்புளமாக எட்டிப் பார்க்கும்.

"இப்ப என்ன பண்றது பாய்? வித்துடலாமா?" நண்பன்.

"யார்ட்ட விப்பே? தகரம்னா கிலோவுக்கு இவ்ளோன்னு காய்லாங்கடைக்காரன் எடுப்பான். இத்த சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டான்."

உண்மைதான். இரும்பை உருக்கலாம். இறுகிய ரெஸினை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. டால்ஃபினுக்குப் புதுக் கூரை விற்கிற கடை ஜே.சி. ரோட்டிலேயே கிடையாது. ஆக, பிழைக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பைமேடு. நண்பன் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்வான்!

பாய் சுரண்டுவதற்கு மட்டும் 18,000 கேட்டார். நண்பன் பேரம் பேச வாயைத் திறந்தான். பாய் ஒரு பழைய பிளேடை எடுத்து அவன் கையில் கொடுத்து, "ஒரு சாண் எடுத்துக் காட்டு, பாதி காசு கொற" என்றார். நண்பன் இருபது நிமிஷம் சுரண்டினான். எடுத்தது ஒரு தீப்பெட்டி அளவு. பேரம் அங்கேயே முடிந்தது.

முதல் நாள் முழுக்கக் குளியல்தான். சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகும் எண்ணெயும் போக்குகிற திரவம். "பாலிஷ் போட்ட மெழுகு இருக்கும் ஸார். அதோட தேய்ச்சா மெழுகு உள்ள போயி உக்காந்துக்கும். அப்பறம் பெயின்ட் ஒட்டாது." பிறகு கண்ணாடி, ரப்பர் பீடிங், கைப்பிடி, விளக்கு எல்லாம் கழன்றன. காருக்கு மொட்டை போட்டாயிற்று.

இரண்டாம் நாள் பிளேடு. ஒரு பக்கம் மட்டும் கூரான பிளேடு. அதன் இரண்டு மூலைகளையும் எமரியில் லேசாக மழுக்கிக்கொள்கிறார். இல்லாவிட்டால் மூலை குத்தி ஜெல்கோட்டில் கோடு விழும். பிளேடைப் படுக்கை வாட்டில் பிடித்து, தோசை திருப்புகிற மாதிரி நெம்பாமல் தள்ள, வெள்ளைப் பெயின்ட் சுருள் சுருளாகக் கிளம்புகிறது. கார்வெட் வைத்திருக்கிற அமெரிக்கர்களும் இதே பிளேடு வித்தையைத்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். "அவங்க யார்ட்ட கத்துக்கினாங்க?" என்றார் பாய்.

பிளேடுக்கு மசியாத இடத்துக்குப் பேப்பர். கட்டையில் சுற்றித்தான் தேய்க்கிறார். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகிவிடும். 180-ம் நம்பரில் ஆரம்பித்து 320-ல் முடிக்கிறார். "எம்பது போட்டா சீக்கிரம் ஆவுமே பாய்?" என்றதற்கு, "ஆவும். நாரும் வெளிய வந்துரும்" என்று பதில். மெஷின் இல்லையா, மணலடித்தல் இல்லையா, சூடு காட்டி உரித்தால் என்ன என்று நண்பன் வரிசையாகக் கேட்டான். மணல் அடித்தால் ஜெல்கோட் ஓட்டையாகும். சூடு காட்டினால் ரெஸின் இளகும். கைதான் ஒரே வழி.

மதியம் லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர். 1924-ல் ஆரம்பித்த ஹோட்டல். இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வர, ரவையில் இட்லி செய்து பார்த்தார்களாம். பிறந்தது ரவா இட்லி. கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதில் பெங்களூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். தகரத்துக்குப் பதில் ஃபைபர் கார், அரிசிக்குப் பதில் ரவை. இட்லி ஜெயித்துவிட்டது, கார் தோற்றுவிட்டது!

திரும்பி வந்தபோது பாய் சாப்பிடாமல் இருந்தார். "தேய்க்கிற அன்னிக்கி மத்தியானம் சாப்பிட மாட்டேன் ஸார். கையில தூசி." உடம்பெல்லாம் வெள்ளைப் பவுடர். முழுக்கைச் சட்டை, மூக்கில் ஈரக் கைக்குட்டை. கண்ணாடி நார்த் தூசி வியர்வையில் ஒட்டினால் ராத்திரி முழுக்க அரிப்பு. பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் சோப்பையே தொடுவாராம். நண்பன் எதிர்க் கடைக்குப் போய் ஃபில்டர் வைத்த மாஸ்க் ஒன்று வாங்கி வந்தான். பாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வர்ஷம் முன்னாடி யாரும் குடுக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாட்டிக்கொண்டு குனிந்தபோது இருமல் சத்தம் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டது. பையன் வாடகைக் கார் ஓட்டுகிறான், இந்தப் பக்கமே வருவதில்லை என்று அப்புறம் தெரிந்தது.

ஏழாம் நாள் பானெட், கதவு, பக்கங்கள் எல்லாம் தேறிவிட்டன. முன் மட்கார்டில் சிலந்திவலை மாதிரி விரிசல். அதன் மேல் பட்டி பூசினால் ஆறு மாதத்தில் அதே வலை மேலே வருமாம். எனவே விரிசலை 'வி' மாதிரி அகலமாகத் தோண்டி, நார் வைத்து, ரெஸின் ஊற்றினார். ஒரு கிலோ ரெஸினுக்குப் பத்து, பதினைந்து கிராம் ஹார்டனர். கோபால்ட் என்று இன்னொரு சரக்கு, ரெஸினைச் சீக்கிரம் இறுக வைக்க. இதையும் ஹார்டனரையும் நேராகக் கலந்தால் வெடித்துவிடும் என்பதால், கொட்டகையின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் மற்றொன்று. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி!

பாக்கி இருந்தது கூரை. ரிமூவர் அதிகம் குடித்தது அதுதான். பாய் மேல்தோலை மெல்லத் தேய்த்துவிட்டு வெயிலில் நிறுத்தினார். பத்து நாள். சாயங்காலமானால் உள்ளே, காலையில் வெளியே. வடாம் காயப் போடுகிற அக்கறை. பத்தாம் நாள் ராத்திரி கூரையில் ஒரு பாலிதீன் தாளை வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார்.

"காலைல தாளுக்கு உள்ள வேர்த்திருந்தா, கூரைய வெட்டணும். இல்லாட்டி பொழச்சிது."

சென்னை திரும்பியிருந்த எனக்குக் காலை ஆறரைக்கு போன். நண்பன் கொட்டகை வாசலிலேயே நின்றிருக்கிறான். "பாய் டேப்பைப் பிரிக்கிறார்டா... இரு... இரு..." அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு லைன் கட்டாகிவிட்டதோ என்று பயம். பின்னணியில் பாய் குரல் கேட்டது: "டீ சொல்லு ஸார்."

தாள் காய்ந்திருந்தது. நகம் வைத்து அழுத்தினால் பதியவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சுலபம். நார் தெரிந்த இடத்தில் ரெஸின், மேலே எபாக்ஸி ப்ரைமர், அதன் மேல் ஸர்ஃபேஸர், 400 பேப்பர். ஓவன் பூத்தில் வைத்துச் சுடவில்லை. ஃபைபருக்கு அவ்வளவு சூடு ஆகாது. நிழலிலேயே காயவிட்டார்.

பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒரு பஞ்சாயத்து. அப்பா நாற்பது வருஷமாக 'கம்பெனியிலேருந்து வந்தப்போ ரத்தச் சிவப்பு' என்று சொல்லி வந்திருக்கிறார். பாய் கதவுக் கீலுக்கு உள்ளே சுரண்டி எடுத்த முதல் கலரோ சுத்தமான ஆரஞ்சு. நண்பன் போட்டோ எடுத்து அனுப்பினான். அப்பா பார்த்தார். "அந்தக் காலத்துல அதுக்குப் பேர் சிவப்புதான்டா" என்றார்.

கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டுமே என்று நண்பன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். அரசாங்க முத்திரையோடு தெளிவாகப் போட்டிருந்தது: 'ரெட்'.

சிவப்பு அடித்தாகிவிட்டது. ஃபைபர் கார் வைத்திருக்கிற சகோதரர்கள் யாராவது இருந்தால், பெயின்ட் கடையில் ரிமூவர் டப்பாவைத் தொடாதீர்கள். ஜே.சி. ரோட்டில் இறங்கி, பின்சந்தில் விசாரியுங்கள். போகும்போது ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள். உங்களுக்கு இல்லை, பாய்க்கு.