உருகினால்தான் ஐஸ்

துபாயில் இருக்கும் அக்கா மகன், நான் போய் இறங்குவதற்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். புர்ஜ் கலீஃபா, க்ரீக்கில் படகு, தங்கக் கடைத்தெரு, கடைசியில் ஐஸ் லவுஞ்ச். "உள்ள எல்லாமே ஐஸ்தான் மாமா. நாற்காலி, மேசை, குடிக்கிற டம்ளர்கூட ஐஸ். அவசியம் பாக்கணும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்காரனை, அதிலும் பாதி ஆயுளை ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக் கழித்தவனை, காசு கொடுத்து ஐஸ் பார்க்கக் கூட்டிப்போகிறான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் "டிக்கெட் எடுத்தாச்சு" என்று போனைக் காட்டினான். எடுத்த டிக்கெட்டை வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் பாவக் கணக்கில் சேரும். போனோம்.

ஷேக் சயீத் சாலையில் டைம்ஸ் ஸ்கொயர் சென்டர் என்ற வணிக வளாகத்துக்குள் அது இருந்தது. சில்அவுட் என்று பெயர். 2007இல் திறந்தது. லவுஞ்ச் என்றதும் வேறு ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மது கிடையாது. பழச்சாறும் சூடான சாக்லேட்டும்தான். நுழைகிற இடத்தில் தொப்பி வைத்த கனத்த அங்கி, கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். வெளியே வெயில் 40 டிகிரிக்கு மேல். உள்ளே மைனஸ் 6. ஒரேயடியாக மாறினால் உடம்பு திணறும் என்று இடையில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் நின்று பழகிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மார்கழியில் சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்க விடியற்காலையில் கிளம்பும்போதே மப்ளர் கட்டிக்கொள்கிற ஆள் நான். அந்த இடையறையிலேயே எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். சுவர் ஐஸ், அதற்குள்ளிருந்து நீலமும் ஊதாவுமாக விளக்கு. ஐஸ் பெஞ்சுகளின் மேல் ரோமத் தோல் விரித்திருந்தார்கள். ஓரத்தில் செதுக்கிய சிலைகள். குழந்தைகள் சுவரை நாக்கால் தொடப் போவதும் தாய்மார்கள் இழுத்துப் பிடிப்பதுமாக இருந்தது. எங்களுக்குப் பழச்சாறு கொடுத்த கோப்பையும் ஐஸ்தான். கையுறை இல்லாமல் பிடித்தால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குத் தொழில் புத்தி போகவில்லை. முதலில் பார்த்தது ஐஸின் நிறத்தை. எங்கள் பக்கத்து ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளை ஓடும். தகரக் கேனில் தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும்போது, கரைந்திருக்கும் காற்றும் உப்பும் நடுவுக்கு ஒதுங்கி அங்கேயே சிறைப்படும். அதுதான் அந்த வெள்ளை. உறைகிறபோது குழாய் விட்டுக் காற்றடித்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் கட்டி தெளிவாக வரும். மீனுக்குப் போடுகிற ஐஸில் அந்தத் தெளிவு யாருக்கு வேண்டும்? இங்கே சுவருக்குப் பின்னால் நின்ற ஆளின் முகம் தெரிந்தது. இதற்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு கரண்ட் என்று மனம் கணக்குப் போட்டது.

இரண்டாவதாகக் கவனித்தது சத்தத்தை. சொட்டு விழவில்லை. ஐஸ் இருக்கிற இடத்தில் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் காதுக்குப் பழகிய விஷயம். கம்பெனித் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. என் கணக்குப் புத்தகத்தின் ஓரங்கள்கூட நமுத்துப் போயிருக்கும். இங்கே தரை காய்ந்து கிடந்தது. பழச்சாறு கொடுத்த நேபாளத்துப் பையனிடம், இது உருகவே உருகாதா என்று மருமகனை விட்டுக் கேட்டேன். அவன் சிரித்தான். "உருகினால் எனக்கு வேலை போய்விடும் சார்" என்றான்.

எங்கள் ஊரில் கதை நேர்மாறு. அங்கே ஐஸ் உருகாவிட்டால் எல்லோருக்கும் வேலை போய்விடும்.

இது வாய்ஜாலம் இல்லை, பள்ளிக்கூடத்து இயற்பியல். மைனஸ் 6 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ் பூஜ்யத்துக்கு வர, சுற்றியிருக்கும் பொருளிடமிருந்து 3 கலோரி வெப்பத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்கு வந்த பிறகு, வெப்பநிலை கொஞ்சமும் ஏறாமல் அப்படியே தண்ணீராக மாறுவதற்கு 80 கலோரி எடுத்துக்கொள்ளும். மீனின் சூட்டை உறிஞ்சுவது இந்த 80தான். வெறுமனே குளிர்ந்து கிடக்கிற ஐஸ் மீனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த லவுஞ்சில் ஆளைக் குளிர வைப்பதும் ஐஸ் அல்ல, சுவருக்கு அந்தப்பக்கம் ஓடுகிற இயந்திரம். அது ஆட்களோடு சேர்த்து ஐஸையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தினால் அன்றைக்குத்தான் ஐஸ் முதன்முதலாக வேலை செய்யத் தொடங்கும். அன்றைக்கே கடைக்குப் பூட்டு.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிறவர்கள் கிள்ளை வழியாகத்தான் போகிறார்கள். யாரும் இறங்குவதில்லை. அவர்களுக்குச் சுரபுன்னைக் காடும், படகும், 1975இல் வந்த 'இதயக்கனி' படம் எடுத்த இடம் எது என்ற கேள்வியும் போதும். கிழக்கே முடசலோடையில் படகுகள் வந்து சேர்கிற நேரத்தில் அங்கே நின்றால்தான் ஐஸ் என்றால் என்ன என்று தெரியும். கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். உப்பு கலந்திருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அந்தத் தண்ணீர் உறையாது. அமோனியா ஓடும் குழாய்கள் அதைக் குளிர்விக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை அதற்குள் இறக்கி, மேலே மரப்பலகைகளைப் போட்டு மூடிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் முழுதாக உறைய. பிறகு கேனைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வரும். பார் என்பார்கள், ஐம்பது கிலோ இருக்கும். கொக்கி போட்டு இழுத்துக் கிரஷரில் தள்ளினால் நொறுங்கிக் கொட்டும். அதைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்ற வேண்டும். இத்தனையும் செய்கிற ஆட்களுக்கு ரோமத் தோலும் இல்லை, கையுறையும் இல்லை. மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஒரு சாக்கு. சித்திரை வெயிலில் வெளியே நின்றால் வேர்க்கும், உள்ளே போனால் கால் மரத்துப்போகும். அவர்களுக்கு இடையறை யாரும் கட்டித் தரவில்லை.

நம் வெயிலில் மீனும் ஐஸும் எடைக்கு எடை போட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சிக்கனம் பார்த்து ஐஸைக் குறைத்தவர்கள் மீன் விலையில் அதற்கு மேல் இழப்பார்கள். பேரேட்டில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெறுமனே விட்டால் ஒரு பகலுக்குள் கெட்டுப்போகிற மீன், ஒழுங்காக ஐஸ் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ஐஸ் வராத காலத்தில் விற்காத மீன் என்னவாகும்? உப்புப் போட்டுக் கருவாடு. கருவாட்டுக்குக் கிடைக்கிற விலைதான் மீனவனுக்கு. ஐஸ் வந்த பிறகுதான் இந்தக் கரையில் பிடித்த சங்கராவும் வஞ்சிரமும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போனது. லாரி போகிற வழியெல்லாம் சாலையில் தண்ணீர்க் கோடு விழுந்துகொண்டே போகும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டுவார்கள். அந்தக் கோடு நின்றுவிட்டது என்றால் உள்ளே மீன் நாறத் தொடங்கப் போகிறது என்று பொருள்.

இருந்தும் நம் ஆட்களுக்கு ஐஸ் மீன் என்றால் முகம் சுளிக்கும். "ஐஸ் போடாத மீனா சொல்லு" என்று கூடைக்காரம்மாவிடம் கேட்பார்கள். வெயிலில் மணிக்கணக்காக ஈ மொய்த்துக் கிடந்த மீனுக்கு இருக்கிற மரியாதை, கடலிலேயே ஐஸில் போட்ட மீனுக்குக் கிடையாது. என் வீட்டம்மாவும் இந்தக் கட்சிதான். இத்தனை வருஷம் ஐஸ் கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிட்டும் மாறவில்லை.

ஐஸைக் காட்சியாக வைப்பது துபாய் கண்டுபிடித்ததல்ல. சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, யுக்காஸ்யார்வி என்ற கிராமத்தில் 1990 வாக்கில் ஐஸ் ஹோட்டல் என்று தொடங்கினார்கள். டோர்னே ஆறு உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து வந்து கட்டுவார்கள். அந்த ஆற்று ஐஸைக் கொண்டுபோய்த்தான் 2002இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஐஸ் பார் வைத்தார்கள். பிறகு லண்டன், துபாய் என்று பரவியது. நம் நாட்டிலும் மும்பை, டெல்லியில் வந்தன. ஹைதராபாத் ஸ்னோ வேர்ல்டுக்கும் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கட்டிய பனி அரங்குக்கும் பள்ளிக்கூடப் பேருந்துகள் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றில் எனக்கு மதிப்பு அந்தச் சுவீடன் கிராமத்தின் மேல்தான். குளிர்காலத்தில் கட்டிய ஹோட்டல் வசந்தம் வந்ததும் உருகி ஆற்றுக்கே திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷம் வேறு வடிவத்தில் கட்டுவார்கள். உருகுவதை மறைத்து வைக்காமல் அதையே வருஷக் கணக்கில் எழுதிக்கொண்ட ஊர் அது.

நமக்கு இதெல்லாம் புதிது என்று நினைத்தால் சென்னையை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் நிற்கிறதே, அது 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் உறைகிற குளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் நம் நாட்டுக்கு அனுப்பினார். 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பி, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது 100 டன் போல மிச்சம் இருந்தது. மீதி வழியில் உருகிப்போனது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது மலைப்பு. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சரக்கு கடலில் கரைந்தும் லாபம் பார்த்த வியாபாரம் வேறு எது? அமெரிக்க எழுத்தாளர் தோரோ தங்கியிருந்த வால்டன் குளத்தில்கூட ஐஸ் அறுத்திருக்கிறார்கள். அவர் 1854இல் வெளியிட்ட புத்தகத்தில் சென்னையின் பெயரும் வருகிறது. அந்த ஐஸ் போனது வெள்ளைக்காரர்களின் கோப்பைக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும். மீனுக்கு அதைப் போட்டால் மீனவன் படகை விற்க வேண்டியிருந்திருக்கும்.

1870களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கைக்குப் போனது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று இடத்தில் இருந்த ஐஸ் கிடங்குகளில் இன்றைக்கு நிற்பது இந்த ஒன்றுதான். துரைமார் கோப்பையில் இருந்த ஐஸ் முடசலோடைப் படகுக்கு இறங்கி வந்தது அந்த இயந்திரத்தால். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற அன்று, தைக்கால் தர்கா முன்னால் சுவாமிக்கு மரியாதை நடக்கும். கூட்டத்து ஓரத்தில் சேமியா ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டிருப்பார். பெட்டி காலியாவதற்குள் ஐஸ் உருகிவிடக் கூடாது என்ற பதற்றம் அவர் முகத்தில் தெரியும். பிள்ளைகளின் முழங்கை வரை வழிகிற கலர்த் தண்ணீரைப் பார்த்தால் அதுவும் அந்த 80 கலோரிதான்.

துபாயிலிருந்து கிளம்பும்போது மருமகன் கேட்டான், "எப்படி மாமா இருந்துச்சு?" நன்றாக இருந்தது என்றேன். குழந்தைகள் உள்ளவர்கள் ஒருமுறை போகலாம், தப்பில்லை. கோப்பையைக் கீழே வைக்காமல் வெளியே வரை எடுத்துவர விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், விடமாட்டேன் என்றார்கள்.

பிச்சாவரம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்னால், காலையிலேயே முடசலோடைப் பக்கம் ஒரு நடை வந்துபோங்கள். கட்டணம் கிடையாது, அங்கி கிடையாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தரை வழுக்கும். பார் இழுக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். மீன் வாங்குவதாக இருந்தால் ஐஸ் போட்டதாகவே கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் இதற்காக வர வேண்டாம். அந்த 61 நாளும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐஸ் ஓட்டம் பெயருக்குத்தான் இருக்கும்.