ஏரிக்கரைக் குதிரைகளும் ஒரு தெருவும்

கொடைக்கானலில் வசிக்கும் நண்பரொருவர், தம் தெருக்கோடியிலிருக்கும் குதிரைலாயத்தை அகற்றக் கோரித் தெருவார் கொடுக்கவிருந்த மனுவின் நகலை எனக்கு அனுப்பி, இரு தரப்பாரையும் நேரில் பார்த்துவிட்டு ஏதேனும் எழுதும்படி வற்புறுத்தியிருந்தார். 1863-ஆம் ஆண்டில் வேர் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி அமைத்த அவ்வூர் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்குத் தார்ச்சாலை செல்கிறது. யாத்திரிகர்களின் குழந்தைகளை மட்டக்குதிரையில் ஏற்றி அச்சாலையில் சவாரி அழைத்துச் செல்வதே அந்த லாயத்தாரின் ஜீவனம்.

முதலில் தெருவாரைக் கண்டேன். அவர்களுடைய முறையீட்டில் மிகையேதும் இல்லை. மட்டக்குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ லத்தியிடும். மழை பெய்தால் அது கரைந்து, சரிவிலே கீழேயுள்ள வீட்டு வாசல்களில் வந்து தேங்குகிறது. ரணஜன்னிக் கிருமி குதிரையின் குடலிலும் லத்தியிலும் வாழக்கூடியதாதலால், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்சுவதை வீண்பயமென்று தள்ளிவிட முடியாது. இரவில் அவிழ்த்து விடப்படும் குதிரைகள் குப்பைத்தொட்டிகளைக் கவிழ்ப்பதும், மூடுபனியில் வரும் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே நிற்பதும் அங்கே வழக்கமாகிவிட்டன. "குதிரைமேல எங்களுக்கு என்னங்க விரோதம்? ராத்திரி அவுத்து விட்டா அது எங்க போகும்? எங்க வாசலுக்குத்தான் வரும்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

லாயத்தில் சேணமும் கடிவாளமும் பூட்டும் வேலை என் கண்முன்னே நொடியில் முடிந்துவிட்டது. என் மனத்தைப் பிடித்து நிறுத்தியது லாடம். வயது முதிர்ந்த குதிரைக்காரர் ஒருவர், குதிரையின் பின்னங்காலைத் தம் தொடைமீது தாங்கிக்கொண்டு, தேய்ந்த லாடத்தைக் குறட்டால் பெயர்த்து, வளர்ந்திருந்த குளம்பைச் சீவி, அரத்தால் சமன்படுத்தி, புதிய இரும்பை வைத்துப் பார்த்தார். குளம்பின் வெளிச்சுவருக்கு நம் நகத்தைப் போல உணர்ச்சி கிடையாது. அதற்கு உட்புறமோ உயிருள்ள திசு. லாட ஆணியின் முனை ஒரு பக்கம் சாய்வாகத் தீட்டப்பட்டிருப்பதால், அடிக்க அடிக்க அது வெளிப்புறமாக வளைந்து குளம்பின் பக்கவாட்டில் தலைநீட்டும். ஆணியைத் திருப்பிப் பிடித்து அடித்தால் அது உள்ளே சென்று குதிரையை முடமாக்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் எழும் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் சுத்தியலை இறக்கினார். உள்ளே போகும் ஆணியின் சத்தமே வேறு என்றார். நான்கு முதல் ஆறு வாரத்துக்கொரு முறை செய்ய வேண்டிய இவ்வேலையை, ஏரிக்கரைத் தார்ச்சாலை இரும்பைத் தேய்த்துவிடுவதால், சீசன் காலங்களில் அதற்கும் முன்னதாகவே செய்ய நேருகிறதாம்.

அந்த லாடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் விஷயத்தின் வேர் புலப்பட்டது. குதிரை அவருடையதன்று. சமவெளியிலிருக்கும் செல்வர் ஒருவருக்குச் சொந்தம். சவாரிப் பணத்தில் பாதி அவருக்கு. விடுதிகளிலிருந்து ஆள் பிடித்து வரும் தரகருக்கு மற்றொரு பங்கு. எஞ்சியதில்தான் கொள்ளு, தவிடு, லாடம், மருந்து, குதிரைக்காரரின் குடும்பம் எல்லாம். மழைக்காலத்தில் சவாரியே இல்லாதபோது தீவனத்துக்கென்று உடையவர் ஒரு காசும் அனுப்புவதில்லை. "தெருக்காரங்க சொல்றது பொய்யில்லைங்க ஐயா. கட்டிப் போட்டா தீனி போடணுமே, நான் எங்க போவேன்?" என்று அவர் சொன்னபோது, குதிரைகளை இரவில் ஏன் அவிழ்த்து விடுகிறார்கள் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அவிழ்த்துவிட்ட குதிரை எச்சிற்சோற்றோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்குகிறது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாதாகையால், குடலில் அடைப்பு ஏற்பட்டு வேதனையிலே மாள்கிறது.

இலாபத்தை மட்டும் மலையடிவாரத்துக்கு இறக்கிக்கொண்டு, லத்தியைத் தெருவாருக்கும் பட்டினியைக் குதிரைக்கும் பழியைக் கூலிக்காரருக்கும் விட்டுவைக்கும் இந்த ஏற்பாட்டை வியாபாரமென்று அழைப்பதே தகாது. மனுவில் இந்த உடைமையாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெருவார் கண்ணில் அவர் பட்டதே இல்லை. சுமை சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவே உச்ச அளவு என்றும், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் 1965-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகள் வரையறுத்திருக்க, தரகர் அழைத்து வந்த கனத்த சரீரிகள் அந்தச் சிறு பிராணிகளின் முதுகில் ஏறுவதை நான் பார்த்தேன். வேண்டாமென்று மறுக்கும் திராணி குதிரைக்காரருக்கு இல்லை.

லாயத்தை இந்தத் தெருவிலிருந்து துரத்தினால் அது அடுத்த தெருவுக்குச் செல்லும், வேறொன்றும் நிகழாது. குடியிருப்புக்கு அப்பால் ஒரு பொது லாயமும், லத்திக்கு ஒரு குழியும் வேண்டும். மொட்டுக்காளான் வளர்ப்போர் குதிரை லத்தியையும் வைக்கோலையும் மக்கவைத்தே நெடுங்காலமாக உரம் தயாரித்து வந்திருக்கிறார்கள். பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு வயல்களுக்கும் மக்கிய எரு வேண்டியதே. ஆகவே தெருவாருக்கு இடைஞ்சலாயிருப்பது இன்னொருவருக்கு விலைபோகும். குதிரை வைத்திருப்பதற்கான அனுமதியை உடைமையாளரின் பெயரிலேயே வழங்கி, மழைக்காலத் தீவனத்துக்கு அவரையே பொறுப்பாக்க வேண்டும். இவ்விரண்டையும் தங்கள் மனுவில் சேர்க்கும்படி தெருவாரிடம் கேட்டுக்கொண்டேன். ஆசிரியை சம்மதித்தார், சிலர் தயங்கினர்.

கோடையில் அங்கே செல்லும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பெரியவர்கள் ஏறாதீர்கள், குழந்தையை ஏற்றுவதற்கு முன் குதிரையின் லாடத்தையும் விலாவையும் ஒருமுறை பாருங்கள், தரகரை நாடாமல் நேரே சென்று பேசி, கூலியைக் குதிரைக்காரரின் கையிலேயே கொடுங்கள்.