இசைத்தட்டும் சோகப் பாட்டும்

சோகப் பாடல்களை விரும்புவது நசிவு மனப்பான்மை என்று சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலருண்டு. போராட வேண்டிய மனிதனைக் கண்ணீர் கோழையாக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் சிறுவயது முதல் அப்பாடல்களோடு வாழ்ந்துவரும் எனது அநுபவம் வேறு.

ஐம்பதுகளில் எங்கள் யாழ்ப்பாணக் கிராமத்தில் கிராமபோன் இருந்த இடங்கள் இரண்டே. ஒன்று பெரியப்பா வீடு. மற்றது சந்தித் தேநீர்க்கடை. பெரியப்பா மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். அவர் பெட்டிக்குச் சாவி கொடுப்பார். ஊசி மாற்றும் வேலை என்னுடையது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்கருந்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும். கைதவறினால் ஓடுபோல் நொறுங்கிவிடும். 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நீண்டநேர வினைல் தட்டுகள் எங்கள் ஊரை எட்ட வெகுகாலம் சென்றது.

எங்கள் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். சோட்டா நாகபுரி போன்ற காட்டுப் பிரதேசங்களில் பழங்குடி மக்கள் மரக்கொம்புகளிலிருந்து சுரண்டியெடுத்த பூச்சியரக்கு, ஆலையிலே தட்டாகி, கடல் கடந்து எங்கள் திண்ணைக்கு வந்திருந்தது. பாடியவரின் பெயர் தட்டில் இருந்தது. அரக்குச் சேர்த்தவரின் பெயர் எந்தத் தட்டிலும் இருந்ததில்லை.

பெரியப்பா பெரிதும் விரும்பியது கே. பி. சுந்தராம்பாளின் குரல். 1920களில் நாடகமாட இலங்கை வந்த காலத்திலேதான் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். 1933இல், இருபத்தேழே வயதில், கிட்டப்பா இறந்தார். 1980இல் தாம் இறக்கும்வரை அவ்வம்மையார் வெள்ளைச் சேலையே உடுத்தார். ஆனால் மூலையில் ஒடுங்கிவிடவில்லை. 1935இல் ஆண்வேடமேற்று நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபா ஊதியமும் பெற்றார். துயரமும் உறுதியும் ஒரே தொண்டையில் வாழ முடியும் என்பதை அக்குரலே எனக்குக் கற்பித்தது.

தேநீர்க்கடையில் நான் கற்றது வேறு பாடம். 1942இல் வெளிவந்த நந்தனார் படத்தில் தண்டபாணி தேசிகர் பாடிய பாடல்களை அங்கே அடிக்கடி போடுவார்கள். வாங்கில் அமர்ந்து கிளாசிலே தேநீர் அருந்தியோர், கோயிலுக்குள் செல்ல முடியாத நந்தனை நினைத்து உருகித் தலையசைப்பர். தாழ்த்தப்பட்ட சாதியினரோ வெளியே நிலத்தில் குந்தியிருந்து தகரப்பேணியில் குடிக்க வேண்டும். பாட்டிலிருந்த நந்தனுக்காக உருகியவர்கள் வாசலிலிருந்த நந்தர்களைக் காணவில்லை.

அவர்களுள் ஒருவர் மரமேறும் தொழிலாளி. என் தந்தையின் வயதிருக்கும். "சின்ன நயினார், அந்தப் பாட்டை இன்னொருக்கால் போடச் சொல்லுங்கோ" என்று பத்து வயதுச் சிறுவனாகிய என்னிடம் கேட்பார். பாட்டு முடியும்வரை கண் கலங்க நிற்பார். தேநீர்க் கிளாசு கடக்க முடியாத வாசலைப் பாட்டு தடையின்றிக் கடந்து சென்றது.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பல கடைகளின் கதவுகள் திறக்கவில்லை. மக்கள் போராடியே அவற்றைத் திறந்தனர். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உட்செல்லும் உரிமை கேட்டு நின்ற கூட்டத்தில் அந்த மரமேறும் தொழிலாளியையும் கண்டேன். தலை நரைத்திருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது. பாட்டுக் கேட்டு அழுத கண்ணீர் அவரைக் கோழையாக்கவில்லை. தம் துயரம் தமக்கு மட்டும் உரியதன்று என்பதை அது அவருக்கு உணர்த்தியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தனர். பெரியப்பாவின் தட்டுப்பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பியபோது கூரையுமில்லை, பெட்டியுமில்லை. இன்று அப்பாடல்கள் பேரனின் கைப்பேசியில் கிடைக்கின்றன. காதில் கருவியைச் செருகி அவன் தனியே கேட்கிறான். வாசலில் நின்று கேட்பவர் எவருமில்லை.

விதியை நொந்து கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் பாடல்களும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் பட்ட துயரத்தை மறைக்காமற் சொல்லும் பாட்டு, மனிதன் தன் நிலையை அறியும் முதற்படி. ஆதலால் ஆசிரிய நண்பர்களே, சோகப் பாட்டில் மனம் தோயும் மாணவனைக் கடியாதீர்கள். இது யாருடைய துயரம், இதற்குக் காரணம் எது என்று கேட்க மட்டும் அவனைப் பழக்குங்கள். அதன்பின் பாட்டும் அவனும் தம் வழியைத் தாமே கண்டுகொள்வர்.