ஐந்து நிமிடந்தானே!

ஏறத்தாழ 100 ஆண்டுகள் நின்றுபோயிருந்த பெரிய கோயில் தேரோட்டம் 2015 ஏப்ரலில் மீண்டும் நடந்தது. தேரே அசைந்து வந்த தஞ்சையின் ராஜ வீதிகளில், மற்ற நாட்களில் சைக்கிள் செல்லவும் வழி தேட வேண்டும். இருபுறமும் வண்டிகள்! எங்கள் பள்ளித் தெருவோ இன்னும் குறுகலானது.

ஒரு நாள் மாலை, பள்ளி விடும் நேரம். எங்கள் வாயிலருகே 108 ஆம்புலன்ஸ் ஒன்று அலறியபடி நின்றுவிட்டது. உள்ளே ஒரு பாட்டி. "யார் வண்டி இதெல்லாம்?" என்று ஓட்டுநர் கூவினார். எங்களை அழைத்துப்போக வந்த அப்பாக்களின் வண்டிகள்தாம்! நாங்கள் தலைகுனிந்தோம்.

தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு காவலருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் வாசலுக்கு வாசல் காவலர் நிற்க முடியுமா?

அன்றிரவே வீட்டில் பேசினோம். "ஐந்து நிமிடந்தானே, கண்ணு" என்றார் அப்பா. "அந்தப் பாட்டிக்கும் அந்த ஐந்து நிமிடந்தானே அப்பா வேண்டியிருந்தது?" என்றோம். அவர் பதில் பேசவில்லை.

இப்போது தெருமுனை வரை நடந்துபோய் வண்டி ஏறுகிறோம். தோழியரே, நீங்களும் வாருங்கள், சேர்ந்தே நடப்போம்!